சின்ன விரலுக்குச் சேராத கிளிப்

சார்ஜா
10-8-1997

கமருன்னிஸாவுக்கு இப்ராஹிம் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

வழக்கமாக எழுதும் ‘அன்புள்ள’ இந்தக் கடிதத்தில் இல்லை, தேடாதே. இருக்கிற கோபத்தில் அது வரவில்லை.

தம்பி சமீர் போனில் எல்லாம் சொன்னான். தஞ்சாவூரில் பஞ்சநதம் டாக்டர் நர்சிங் ஹோமில் ஷமீராவுக்கு மயக்கம் கொடுத்து, அண்ணத்து ஓட்டையைத் தைக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே பிள்ளையின் உதடு நீலமாகிவிட்டதாம். ஆபரேஷனைப் பாதியில் நிறுத்தித்தான் மூச்சைத் திரும்பக் கொண்டுவந்தார்களாம். கண் விழித்த பிறகும் யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்தாள், இப்போது தேவலை என்றான். ஐந்து வயதுப் பிள்ளை. பிறந்ததிலிருந்து குடிக்கிற பால் மூக்கு வழியாக வருகிறது, பேசுகிற பேச்சும் மூக்கு வழியாகப் போகிறது. இந்த ஆபரேஷனோடு அந்தக் கஷ்டம் தீரும் என்று நான் இங்கே நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சரி, ஏன் இப்படி ஆனது? தங்கை ஹலீமா கல்யாணத்துக்கு நீ மகளுக்குப் பத்து விரலிலும் தொப்பி தொப்பியாக மருதாணி வைத்துவிட்டாயாமே. பஞ்சநதம் டாக்டரும் அதைப் பார்த்து முகம் சுளித்தார் என்றான் சமீர். உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். போன லீவில் நான் அந்த நர்சிங் ஹோமுக்குக் கொடுத்தேனே ஒரு மிஷின், அது விரலுக்குள் சிவப்பு வெளிச்சம் விட்டு ரத்தத்தில் பிராணவாயு குறைகிறதா என்று பார்க்கும். குறைந்தால் உடனே கத்தி எச்சரிக்கும். விரலில் மருதாணியை அப்பிவைத்தால் அதற்குக் கண் எங்கே தெரியும்? கடல் தாண்டி நான் கொண்டுவந்த மிஷினை நீ இலை அரைத்துக் கெடுத்துவிட்டாய்.

நான் ஆஸ்பத்திரி ஸ்டோரில் வேலை பார்க்கிறவன். எனக்குத் தெரியாமல் இதைச் சொல்லவில்லை. மிஷின் மேல் யாரும் பழி போடக் கூடாது என்பதற்காக அத்தாவுக்கும் விவரமாக எழுதியிருக்கிறேன்.

மகளைப் பார்த்துக்கொள். இனியாவது.

இப்ராஹிம்

*

திருக்காட்டுப்பள்ளி
26-8-1997

அன்புள்ள மச்சானுக்கு கமருன்னிஸா எழுதுவது. வஅலைக்குமுஸ்ஸலாம்.

நான் ‘அன்புள்ள’ போட்டிருக்கிறேன். பழக்கம்.

உங்கள் கடிதம் இரண்டும் ஒரே நாளில் அய்யம்பேட்டையில் நம் வீட்டுக்கு வந்தன. எனக்கு எழுதியதை நான் பிரிக்கும் முன்பே மாமாவுக்கு எழுதியதைக் கூடத்தில் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். மாமாவுக்கு வரும் கடிதத்தைச் சமீர்தான் சத்தமாகப் படிப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் கூடம் நிறைய இருந்தார்கள். ஹலீமாவின் புது மாமியார் வீட்டாரும் இருந்தார்கள். நான் அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். “பெற்றவளே பிள்ளையை மரணத்தின் வாசலில் கொண்டுபோய் விட்டாள்” என்ற வரியைச் சமீர் படித்தது அடுப்படி வரை கேட்டது. மாமி வந்து என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு, “நான் கொண்டுபோறேன், நீ இரு” என்றார்கள். அப்படியே மண்ணுக்குள் போய்விடலாமா என்றிருந்தது.

மச்சான், நான் உங்களோடு சண்டை போட எழுதவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. வைத்தது நான்தான். கல்யாண வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன, இவளும் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் ஆபரேஷன் என்பது நினைவில் இருந்தும், விரலுக்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு புளியையும் எலுமிச்சம்பழத்தையும் போட்டுத் தேய்த்தேன். பிள்ளை வலிக்கிறது என்று அழுதாள். சாயம் போகவில்லை. போய்த்தான் என்ன ஆகப்போகிறது.

யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை. ஆகவே அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். ஷமீரா இப்போது நன்றாக ஓடியாடுகிறாள். கையை மட்டும் யாராவது பார்த்தால் பின்னால் மறைத்துக்கொள்கிறாள். இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது.

கமருன்னிஸா

*

சார்ஜா
9-9-1997

கமருன்னிஸாவுக்கு, ஸலாம்.

அத்தா கடிதத்தைச் சபையில் படிக்க வைப்பார் என்று நான் நினைக்கவில்லை. சரி, படித்தது படித்ததுதான். நடந்ததைத்தானே எழுதினேன்.

நீ அம்மா வீட்டில் கொஞ்ச நாள் இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஊர் வாய் அடங்கட்டும். ஆனால் இன்னொரு ஆபரேஷன் என்ற பேச்சை எடுக்காதே. எனக்கு அடுத்த லீவு வர ஒன்றரை வருஷமாகும். வந்து நானே மதராஸுக்கு அழைத்துக்கொண்டு போகிறேன். அதுவரை இப்படியே பேசட்டும், நமக்குப் புரிகிறது அல்லவா? அந்த மயக்க டாக்டர் அம்மாவிடமும் போய் நிற்காதே. அவர்களும் மருதாணியைப் பார்க்காமலா மயக்கம் கொடுத்தார்கள்? அவர்களைச் சொல்லவும் வாய் வரவில்லை, தப்பு நம் பக்கம் இருக்கும்போது.

ஒன்று கேட்க வேண்டும் என்றிருந்தேன். மிஷினில் அத்தா பேர் போட்ட பித்தளைத் தகடு அப்படியே இருக்கிறதா? இந்தக் குழப்பத்தில் கழற்றிவிடப் போகிறார்கள்.

இப்ராஹிம்

*

திருக்காட்டுப்பள்ளி
28-9-1997

அன்புள்ள மச்சானுக்கு, ஸலாம்.

தகடு இருக்கிறது. நேற்று என் கண்ணால் பார்த்தேன். பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறார்கள்.

ஆமாம், போகாதே என்றீர்கள், போனேன். ஷமீராவைப் பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். வகுப்பில் பாட்டுச் சொல்ல எழுந்தால் மற்ற பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவளைப் போலவே சொல்கின்றன. இப்போது அவள் எழுந்திருப்பதே இல்லை. எனக்குப் புரிகிறது, உங்களுக்குப் புரிகிறது, அது போதுமா? ஒன்றரை வருஷத்தில் அவள் பேசுவதையே விட்டுவிடுவாள்.

அம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மயக்க டாக்டர் மங்களாம்பிகை அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். என்னைப் பார்த்து எழுந்த டாக்டரை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. என் தப்பை மன்னித்து மறுபடி ஆபரேஷன் செய்வீர்களா என்றுதான் கேட்கப் போனேன். “ஒங்க தப்பா? யாரும்மா சொன்னது?” என்று கேட்டார்கள். நீங்கள் எழுதியதைச் சொன்னேன். அந்த அம்மா நடந்ததையெல்லாம் சொன்னார்கள்.

நீங்கள் கொடுத்த மிஷினின் கிளிப் பெரியவர்கள் விரலுக்கானதாம். பிள்ளை விரலில் நிற்காமல் நழுவுமாம், நழுவினால் சும்மா சும்மா கத்துமாம். அதனால் பிள்ளைகளின் ஆபரேஷனில் அதை மாட்டுவதே இல்லை. டாக்டரம்மா பிள்ளையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை பிளாஸ்திரி போட்டு ஒட்டி, கடைசி வரை காதில் மாட்டியே இருப்பார்களாம். அன்றைக்கு மட்டும் அப்படிச் செய்யவில்லை. ஏன் தெரியுமா? மாமா தியேட்டர் வாசலில் நின்று, “எம் மவன் குடுத்த மிஷினு எங்கே? எம் பேத்திக்கே மாட்டலேன்னா அப்புறம் யாருக்கு?” என்று கேட்டிருக்கிறார்கள். மூலையில் துணி போட்டு மூடியிருந்ததைத் துடைத்துக் கொண்டுவந்து நம் பிள்ளைக்கு மாட்டினார்களாம், மரியாதைக்காக. மிஷின் இருக்கிறதே என்று ஸ்டெதஸ்கோப்பை ஒட்டவில்லையாம்.

அது வழக்கம் போல நழுவி நழுவிக் கத்தியது. பஞ்சநதம் டாக்டர் மருதாணிக் கையைப் பார்த்துவிட்டு, அதனால்தான் கத்துகிறது என்று சலித்துக்கொண்டார். டாக்டரம்மா சத்தத்தை அமர்த்திவிட்டார்கள். அதற்கப்புறம், வாயைத் திறந்து பிடிக்க வைத்திருந்த இரும்பு, மூச்சுக்காக உள்ளே விட்டிருந்த குழாயை அழுத்திவிட்டது. அப்போது மிஷின் நிஜமாகவே எச்சரித்திருக்கும். சத்தம்தான் இல்லை. ரத்தம் கறுத்து வந்ததைப் பார்த்த பிறகுதான் தெரிந்ததாம். “செவப்பு மருதாணியால பெரிசா ஒண்ணும் ஆகாதும்மா. வெளியில சொல்றதுக்கு அது லேசா இருந்துச்சு, நாங்களும் பேசாம இருந்துட்டோம். ஒங்க மூஞ்சில முழிக்க எனக்கு வெக்கமா இருக்கு” என்றார்கள்.

மச்சான், நீங்கள் பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பவர். அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு எதை மாட்டுகிறார்கள் என்று கொஞ்சம் பார்த்து எழுதுங்கள்.

கமருன்னிஸா

*

சார்ஜா
17-10-1997

என் அன்புள்ள கமருன்னிஸாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதம் வந்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. டாக்டர் தன் தப்பை மறைக்க மிஷினைக் குறை சொல்கிறார் என்று பதில் எழுதி, கவரில் போட்டு ஒட்டியும்விட்டேன். அதை அனுப்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

மறுநாள் பிள்ளைகள் ஆபரேஷன் வார்டுக்குச் சாமான் கொண்டுபோக ஆள் வரவில்லை, நானே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். இந்த ஊர்க்காரர் பிள்ளை ஒன்றைத் தியேட்டருக்குக் கொண்டுபோகத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். நம் ஷமீரா வயது இருக்கும். ஏதோ கல்யாண வீட்டிலிருந்து வந்த பிள்ளை போல, மணிக்கட்டு வரை மருதாணி, அதுவும் நம் ஊர்ச் சிவப்பு இல்லை, கறுப்பு. நான் நின்றுவிட்டேன். கேரளத்து நர்ஸ் ஒருவர் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார், அழகாக இருக்கிறது என்று அதன் தாயிடம் சொன்னார், ஒரு சின்ன கிளிப்பை எடுத்துக் காது மடலில் மாட்டினார். அவ்வளவுதான் நடந்தது. அந்தத் தாயை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் பாட்டுக்கு மகளின் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள்.

நர்ஸிடம் கேட்டேன். மருதாணியால் சில சமயம் சரியாகப் படிக்காது, அப்போது காதிலோ கால் விரலிலோ மாட்டுவோம், மிஷின் கத்தினால் முதலில் பிள்ளையைப் பார்ப்போம், அப்புறம்தான் மிஷினைப் பார்ப்போம் என்றார். பெரியவர்கள் கிளிப்பைப் பிள்ளைக்கு மாட்டலாமா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, “அதுக்குத்தானே நீங்க சின்ன கிளிப் அனுப்பறீங்க” என்றார்.

கமரு, அந்தச் சின்ன கிளிப் என் ஸ்டோரிலிருந்துதான் போகிறது. வாராவாரம் என் கையால் எடுத்துக் கொடுக்கிறேன். அட்டையில் பிள்ளைப் படம் கூடப் போட்டிருக்கிறது. ஊருக்கு மிஷின் வாங்கும்போது அது ஞாபகத்துக்கு வரவே இல்லை. தகட்டில் அத்தா பேர் பெரிதாக வர வேண்டும் என்பதுதான் ஞாபகம் இருந்தது. மருதாணி விஷயத்தை யாரிடமும் விசாரிக்காமலே எழுதினேன். நகத்தில் சாயம் இருக்கக் கூடாது என்று மிஷின் பெட்டியில் போட்டிருந்ததை வைத்துக்கொண்டு உனக்குப் பாடம் நடத்தினேன். வெட்கமாக இருக்கிறது. உன் பேரை எழுதவே கை கூசுகிறது.

இங்கே என்னோடு இருக்கும் முபாரக் இந்த வாரம் ஊருக்கு வருகிறார். பிள்ளைகளுக்கான கிளிப்பும் ஒயரும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஆபரேஷன் எப்போது என்பதை நீயே முடிவு செய். என்னை மன்னித்துவிடு. இந்தக் கடிதம் உன்னோடு இருக்கட்டும்.

இப்ராஹிம்

*

திருக்காட்டுப்பள்ளி
4-11-1997

அன்புள்ள மச்சானுக்கு, ஸலாம்.

முபாரக் அண்ணன் நேரில் வந்து கிளிப்பைக் கொடுத்தார். நானே கொண்டுபோய் டாக்டரம்மாவிடம் சேர்த்துவிட்டேன். ஷமீரா விரலில் மாட்டிப் பார்த்தார்கள். அது சரியாக உட்கார்ந்தது. கையை உதறினாள், விழவில்லை. இந்த மாதக் கடைசியில் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்று பஞ்சநதம் டாக்டரும் சொல்லிவிட்டார்.

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். சந்தோஷமும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கடைசி வரியில் இடறிவிட்டேன். ‘உன்னோடு இருக்கட்டும்’ என்கிறீர்கள். குற்றம் சொன்ன கடிதம் கூடத்துக்கு, மன்னிப்புக் கடிதம் அடுப்படிக்கா?

இங்கே சாமான் வாங்கக் கடைக்குப் போனால் கூட, மருதாணி வைத்துப் பிள்ளையைக் கெடுத்தவள் என்று என்னைத் தெரியாதவர்களுக்குக் காட்டுகிறார்கள். அய்யம்பேட்டை பேச்சு இங்கே வர எத்தனை நேரம் ஆகும்? உங்களை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அது பெரிய விஷயம் இல்லை. மாமாவுக்கு எழுதுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். அதுவரை நான் அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்.

கமருன்னிஸா

*

சார்ஜா
21-11-1997

அன்புள்ள கமரு,

எழுத உட்கார்ந்தேன், கிழித்தேன். மறுபடி உட்கார்ந்தேன், கிழித்தேன்.

அத்தாவை உனக்குத் தெரியும். ஜமாஅத்தில் நாலு பேருக்கு நியாயம் சொல்கிற மனுஷர். அவர் கேட்டுத்தான் மிஷினை மாட்டினார்கள் என்று மகனே எழுதினால், அவர் எப்படித் தலை நிமிர்ந்து பள்ளிவாசலுக்குப் போவார்? அந்த மிஷினைக் கொடுத்த அன்று சால்வை போட்டார்களே, அந்த போட்டோவைக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். நான் வந்து பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேனே. கொஞ்சம் பொறுத்துக்கொள். என் நிலைமையில் நீ இருந்தால் தெரியும்.

ஆபரேஷனுக்கு துஆ செய்துகொண்டிருக்கிறேன்.

இப்ராஹிம்

*

தஞ்சாவூர்
2-12-1997

அன்புள்ள மச்சானுக்கு,

அல்ஹம்துலில்லாஹ். ஆபரேஷன் முடிந்தது. ஷமீரா நன்றாக இருக்கிறாள். நர்சிங் ஹோமிலிருந்துதான் எழுதுகிறேன்.

மழை விடாமல் பெய்த நாள் அது. தியேட்டர் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே மிஷின் டிக் டிக்கென்று அடிப்பது லேசாகக் கேட்டது. அந்தச் சத்தத்தை எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். நடுவில் திடீரென்று சத்தம் மாறிக் கத்த ஆரம்பித்தது. எழுந்து போய்க் கதவில் காதை வைத்தேன். உள்ளே டாக்டரம்மா, “நிறுத்துங்க, கையை எடுங்க” என்று சொல்வது கேட்டது. பஞ்சநதம் டாக்டரிடம் அப்படிச் சொல்ல அவர்களுக்குத் தைரியம் வந்திருக்கிறது. பிறகு டிக் டிக் திரும்பியது. வெளியே வந்த பிறகு சொன்னார்கள், அதே இரும்பு அதே குழாயைத்தான் மறுபடியும் அழுத்தியதாம். இந்தத் தடவை கிளிப் கால் விரலில் நழுவாமல் இருந்தது, மிஷின் கத்தியதும் இரும்பைத் தளர்த்திவிட்டார்கள், பிள்ளையின் உதடு நிறம் கூட மாறவில்லை. ஸ்டெதஸ்கோப்பையும் அவர்கள் காதிலிருந்து எடுக்கவில்லையாம். உங்கள் மிஷின்தான் உங்கள் மகளைக் காப்பாற்றியது. அதை நான் சொல்லாமல் விட்டால் அல்லாஹ்வுக்குப் பொறுக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாமா வந்திருந்தார்கள். பிள்ளையை உள்ளே கொண்டுபோகும் முன், நர்ஸுகள், சமீர், பக்கத்து அறைக்காரர்கள் எல்லாரும் நிற்கும்போது என்னிடம், “இந்தத் தடவ மருதாணி கிருதாணி வைக்கலியேம்மா?” என்று கேட்டார்கள். கோபமாக இல்லை, ரொம்பப் பிரியமாகத்தான் கேட்டார்கள். டாக்டரம்மா வாயைத் திறந்தார்கள். நான் அவர்களைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தேன். “இல்ல மாமா” என்றேன்.

அதை நீங்கள் சொல்ல வேண்டும், மச்சான். டாக்டர் சொல்லித் தெரிவதும் நீங்கள் சொல்லித் தெரிவதும் ஒன்றா? உங்கள் நிலைமையில் நான் இருந்தால் தெரியும் என்கிறீர்கள். நான் உங்கள் நிலைமையில்தான் நாலு மாதமாக இருக்கிறேன்.

கமருன்னிஸா

*

சார்ஜா
24-12-1997

கமரு,

அத்தாவுக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன். கிழிக்கத் தோன்றும் முன்பே போஸ்ட் ஆபீஸ் போய்விட்டேன். சமீர் சத்தமாகப் படிக்க வேண்டும், அன்றைக்குக் கேட்டவர்கள் எல்லாரும் இருக்க வேண்டும் என்று தலைப்பிலேயே எழுதியிருக்கிறேன். அத்தா மேல் ஒன்றும் போடவில்லை. பேத்திக்கு மாட்டுங்கள் என்று பாட்டனார் ஆசைப்பட்டது தப்பாகாது, மாட்ட முடியாததைக் கொண்டுவந்து கொடுத்தவன் தப்பு.

இனி எனக்கு என்ன எழுதுவார்களோ தெரியவில்லை. தபால்காரரைக் கண்டால் பயமாக இருக்கிறது.

இப்ராஹிம்

*

அய்யம்பேட்டை
16-1-1998

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஊர் பெயரைப் பார்த்திருப்பீர்கள். மாமா காரோடு வந்து கூப்பிட்டார்கள். கடிதம் வந்ததை மட்டும் சொன்னார்கள். வழி நெடுக ஷமீராவை மடியில் வைத்துக்கொண்டு அறுப்புக்கு நிற்கும் வயலைக் காட்டிக்கொண்டே வந்தார்கள். அவள் இப்போது பால் குடித்தால் மூக்கில் ஒரு சொட்டு கூட வருவதில்லை. பேச்சு தெளிய இன்னும் மாதக்கணக்கில் பழக்க வேண்டுமாம். பழக்குகிறேன்.

நோன்பு திறந்து கஞ்சி குடித்த பிறகு எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மாமா சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், ஹலீமாவின் மாமியார் வீட்டார் உட்பட ஒருவர் குறையவில்லை. சமீர் கடிதத்தைப் பிரித்து, முதல் வரியைப் பார்த்துவிட்டு, “என்னால முடியாது அத்தா” என்று கீழே வைத்துவிட்டார். அண்ணனைப் பற்றி எப்படிப் படிப்பார், பாவம். மாமா அதை எடுத்தார்கள். கண்ணாடியைப் போட்டார்கள், கழற்றினார்கள். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, “கமரு, இங்க வாம்மா. நீயே படி” என்று நீட்டினார்கள்.

நிலைப்படியில் நின்று படித்தேன். ‘என் மனைவி மேல் நான் போட்டது பொய்ப் பழி’ என்று நீங்கள் எழுதியதை என் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. இந்த நாள் வர வேண்டும் என்று எத்தனை தொழுகையில் கேட்டிருப்பேன். வந்தபோது சந்தோஷமே இல்லை, மச்சான். ‘எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்தவன் போல் எழுதினேன்’ என்ற இடத்தில் எனக்கு உடம்பு கூசியது. கடல் தாண்டி உழைக்கிற என் புருஷனை நானே நாலு பேர் முன்னால் நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது. மாமா தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அத்தோடு நிறுத்திவிடலாமா, மீதியை மடித்துக் கொடுத்துவிடலாமா என்று தோன்றியது. நிறுத்தியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நிறுத்தவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, உங்கள் கையெழுத்து வரை ஒரு வரி விடாமல் படித்தேன்.

கமருன்னிஸா